ஹைரேஞ்சில் கான்கிரீட்: பனியின் கணக்கும் ஈரத்தின் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழிப் பிற்பாதி தொடங்கி மாசி வரை கேரளத்து இடுக்கி மாவட்ட மலைப்பகுதியான ஹைரேஞ்சில், மூணாறு, செண்டுவாரை, வட்டவடைப் பக்கம் புல்வெளிகள் வெள்ளையாக உறைந்து கிடக்கும் படங்களைத் தங்கள் நாளிதழ் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது மகிழ்ச்சியான செய்தி. இங்கே குடியிருக்கும் எங்களிடையே அதே பருவத்தில் வேறொரு பேச்சும் கிளம்பும். நடைபாதையின் மேற்பரப்பு உரிந்தாலும், தொட்டி மூடியில் விரிசல் விட்டாலும், "பனி அடிச்சிருச்சு" என்று காண்ட்ராக்டர் ஒரே வார்த்தையில் பொறுப்பை இறக்கி வைத்துவிடுவார். கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்பவர்களோ, இமயமலைப் பக்கம் போடுவதைப் போல இங்கும் எல்லா வேலைக்கும் உறைபனி தாங்கும் கான்கிரீட் போட வேண்டும் என்கிறார்கள். எஸ்டேட் கட்டட வேலைகளிலும் பஞ்சாயத்து வேலைகளிலும் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்த இரண்டு பேச்சுமே விஷயத்தைத் தவறவிடுகின்றன என்று நான் கருதுகிறேன். அதற்கான காரணங்களைச் சொல்ல இடம் தருமாறு வேண்டுகிறேன்.

தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. கான்கிரீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். அவற்றில் தண்ணீர் பாதியளவே இருந்தால், உறைந்து பெருகும் தண்ணீர் காலியாக உள்ள இடத்துக்குள் ஒதுங்கிக்கொள்ளும்; ஒன்றும் ஆகாது. துளைகளில் ஏறத்தாழ 91 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் நிரம்பியிருந்தால்தான் ஒதுங்க இடமில்லாமல் அழுத்தம் உண்டாகி உள்ளிருந்து கிழிக்கும். அதுவும் ஒரே இரவில் நடந்துவிடுவதில்லை. உறைந்து உருகி, உருகி உறைந்து, ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாகச் சேதம் கூடுகிறது. நுண்துளைத் தண்ணீரில் கரைந்த உப்புகள் இருப்பதாலும், துளைகள் மிகக் குறுகியவை என்பதாலும், வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டவுடன் அது உறைவதும் இல்லை. இன்னும் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். ஆகவே புல்லின் மேல் வெண்பனி பூத்த காலையில் பக்கத்துச் சுவரின் உள்ளேயும் தண்ணீர் உறைந்திருக்கும் என்று எண்ணுவது சரியல்ல. மேகமில்லாத இரவில் புல்லின் மேற்பரப்பு காற்றைவிட வேகமாகக் குளிர்ந்துவிடும். தரையோடு ஒட்டிய கனமான கான்கிரீட் அவ்வளவு விரைவில் வெப்பத்தை விடாது. மெல்லிய மூடி, கைப்பிடிச் சுவரின் தலை, தரையிலிருந்து விலகி நிற்கும் பலகை போன்றவையே முதலில் குளிரும்.

இனி நம் மலையின் பருவத்தைப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கிறது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. அது ஓய்ந்து வானம் தெளிந்த பிறகுதான் உறைபனி இறங்குகிறது. இங்கிலாந்து போன்ற மிதக் குளிர் நாடுகளில் மழைக்காலமும் பனிக்காலமும் ஒன்றே. நனைந்த கான்கிரீட் நனைந்தபடியே உறையும். நமக்கோ உறைபனி வருவது வறண்ட பருவத்தில். பகலில் வெயில் ஏறி 20 பாகை செல்சியஸைத் தாண்டும். காலை 9 மணிக்குள் பனி உருகிவிடும். மழையில் நனைந்த சுவரும் தளமும் அதற்குள் பெரும்பாலும் உலர்ந்திருக்கும். உலர்ந்த கான்கிரீட்டைப் பனி ஒன்றும் செய்யாது என்பதால், ஹைரேஞ்சில் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு குளிர்?" என்பதல்ல, "ஜனவரியிலும் ஈரமாக இருப்பவை எவை?" என்பதே.

அப்படிப் பார்த்தால் பட்டியல் சிறியது. பொதுக்குழாயின் அடித்தளம், நிரம்பி வழியும் குடிநீர்த் தொட்டியின் விளிம்பும் மூடியும், ஓடைக்குக் குறுக்கே கட்டிய தடுப்பணையின் தலைப்பகுதி, மலைச்சரிவில் ஊற்று கசியும் தாங்குசுவர், சில்வர் ஓக் மர நிழலில் வெயிலே படாத சாக்கடையும் படிக்கட்டும். எஸ்டேட் லயங்களின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) நடுவே உள்ள குழாயடியை ஒரு ஜனவரிக் காலையில் யாராவது குனிந்து பார்த்தால் விஷயம் விளங்கும். குழாய் சொட்டுகிற இடத்தைச் சுற்றி ஒரு முழ வட்டத்துக்குச் சிமெண்ட் தோல் அப்பளம் போல எழும்பி, அடியில் ஜல்லியின் தலை தெரியும். அங்கிருந்து இரண்டடி தள்ளி, அதே நாளில் அதே கலவையில் போட்ட தளம் வழவழப்பாக இருக்கும். இரண்டு இடத்திலும் குளிர் ஒன்றுதான். ஈரம்தான் வேறு. அந்தக் குழாய்க்கு ஒரு வாஷர் மாற்றி, தளத்துக்கு 50-க்கு 1 என்று வாட்டம் கொடுத்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும் என்பது என் எண்ணம். எந்த எஸ்டிமேட்டிலும் இந்த வாஷர் ஏறுவதில்லை.

அடுத்து விதிநூல். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456 (2000) கான்கிரீட்டின் சூழலை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. கடும் மழையிலிருந்தும், ஈரமாக இருக்கும்போது உறைவதிலிருந்தும் மறைவாக உள்ள பரப்பு மிதமான வகை. கடும் மழைக்கு ஆளாவது, மாறி மாறி நனைந்து உலர்வது, ஈரத்தோடு எப்போதாவது உறைவது ஆகியவை கடுமையான வகை. ஈரத்தோடு கடுமையாக உறைவது அதற்கும் மேற்பட்ட மிகக் கடுமையான வகை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு மிதமான வகையில் குறைந்தது எம்25 (28 நாளில் 25 மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்கும் வலு), எடைக் கணக்கில் தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.50-க்கு மிகாமல், கம்பியை மூடி 30 மில்லிமீட்டர் கான்கிரீட் கவர் என்றும், கடுமையான வகையில் குறைந்தது எம்30, 0.45-க்கு மிகாமல், கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமெண்ட், 45 மில்லிமீட்டர் கவர் என்றும் அது சொல்கிறது. கம்பியில்லாத நடைபாதை, படிக்கட்டு ஆகியவற்றுக்குக் கடுமையான வகையில் எம்20, 0.50, 250 கிலோ போதும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. மேற்கண்ட வரையறையைப் படித்தால், மூணாற்று மழையில் திறந்து கிடக்கும் எந்தக் கம்பிக் கான்கிரீட்டும், உறைபனி என்ற பேச்சையே எடுக்காமல், மழையை வைத்தே கடுமையான வகைக்குள் வந்துவிடுகிறது. பனி இருக்கிறதா இல்லையா என்று வாதாடவே தேவையில்லை, எம்30-உம் 0.45-உம் நமக்கு மழையின் பேரால் ஏற்கெனவே வர வேண்டியவை. ஆனால் நான் பார்த்த பல எஸ்டிமேட்களில், சமவெளியில் கூரைக்குக் கீழே இருக்கும் தூணுக்கு எழுதும் எம்20 என்ற வரியே தொட்டிச் சுவர், பாலத்துத் தளம், தடுப்பணை எல்லாவற்றுக்கும் வரிமாறாமல் நகல் எடுக்கப்பட்டிருக்கும். கம்பிக் கான்கிரீட்டைப் பொறுத்தவரை எம்20 என்பதும் 0.55 என்பதும் அந்த நூலில் மிக லேசான சூழலுக்கு உரியவை. அதை எழுதிவிட்டு, இரண்டாண்டில் உரிந்த கான்கிரீட்டைக் காட்டிப் பனியைக் குற்றம் சொல்வது நியாயமாகாது.

அப்படியானால் பனி கூடுதலாகக் கேட்பது என்ன? காற்று. ஈரத்தில் உறைந்து உருகும் நிலையில், எம்50-க்குக் குறைந்த கான்கிரீட்டில் காற்றேற்றும் கலவைப்பொருள் சேர்த்து, 20 மில்லிமீட்டர் ஜல்லிக்கு 5 சதவீதமும் 40 மில்லிமீட்டர் ஜல்லிக்கு 4 சதவீதமும், ஒரு சதவீதம் ஏற இறங்க, காற்று இருக்கச் செய்ய வேண்டும் என்று அதே நூல் சொல்கிறது. 1930-களில் அமெரிக்காவில் சில சாலைகள் மட்டும் பனியில் உரியாமல் நின்றதைக் கண்டு ஆராய்ந்தபோது, அவற்றுக்கான சிமெண்டை அரைக்கையில் சேர்ந்த கொழுப்பும் பிசினும் கான்கிரீட்டில் நுண்ணிய குமிழிகளை உண்டாக்கியிருந்தது தெரியவந்தது. அதன் காரணத்தை டி.சி. பவர்ஸ் என்பவர் 1940-களில் விளக்கினார். உறையும் தண்ணீர் ஒதுங்குவதற்கு அருகிலேயே ஒரு காலிக் குமிழி வேண்டும். சிமெண்ட் பசையின் எந்தப் புள்ளியிலிருந்தும் அது ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆகவே காற்றின் மொத்த அளவைவிட, குமிழிகள் எவ்வளவு சிறியவை, எவ்வளவு நெருக்கமானவை என்பதே முக்கியம். வைப்ரேட்டர் போடாமல் விட்ட கான்கிரீட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகள் இந்தக் கணக்கில் சேராது. கலவை எளிதாக ஓடட்டும் என்று மிக்ஸரில் சோப்புத்தூளைப் போடும் பழக்கம் சில மேஸ்திரிகளிடம் உண்டு. அதில் வரும் நுரையும் சேராது, வலுவைத்தான் குறைக்கும்.

இந்தக் காற்றை எல்லா வேலைக்கும் கட்டாயமாக்குவதை நான் ஏற்கவில்லை. கான்கிரீட்டில் காற்று ஒரு சதவீதம் கூடினால் வலு சுமார் 5 சதவீதம் குறையும். அதை ஈடுகட்டத் தண்ணீரைக் குறைத்துக் கலவையைத் திருத்தியமைக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் கிடைக்கும், நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டில் உள்ள சாம்பலின் கரி, காற்றேற்றும் மருந்தை உறிஞ்சிக்கொள்ளக் கூடியது. ஒரு லோடுக்குச் சரியாக இருந்த அளவு அடுத்த லோடுக்குப் போதாமல் போகலாம். எம்-சாண்டில் உள்ள பொடியும் அப்படியே அளவை மாற்றும். கையால் கிளறும் கலவையில் இது சரியாக உருவாகாது. அடிவாரத்தில் கலந்து போடிமெட்டு வளைவுகளில் ஏறி வரும் ரெடிமிக்ஸ் லாரியில், வந்து சேர்வதற்குள் காற்றும் குறையும், இளக்கமும் குறையும்; இறக்கும் இடத்தில் இளக்கத்துக்காகத் தண்ணீரை ஊற்றினால் இருந்த நன்மையும் போய்விடும். வேலைத்தளத்திலேயே அழுத்தக் காற்றுமானியை வைத்து அளந்து பார்க்க ஆள் இல்லாத இடத்தில், எஸ்டிமேட்டில் '5 சதவீதக் காற்று' என்று எழுதுவது காகிதத்துக்கு மட்டும் அழகு. ஆகவே குழாயடி, தொட்டி விளிம்பு, தடுப்பணைத் தலை, ஊற்றுக் கசியும் சுவர் என்ற சிறிய பட்டியலுக்கு மட்டும் காற்றை எழுதி, அதை அளந்த பிறகே கொட்ட வேண்டும் என்றும் சேர்த்து எழுதினால் போதும்.

மேல்நாட்டு நூல்களில் இதைவிடக் கடுமையான வகைகள் உண்டு. 0.40 விகிதம், 6 சதவீதத்துக்கு மேல் காற்று என்றெல்லாம் அவை கேட்பது, சாலையில் பனி உருகுவதற்கு உப்புத் தூவும் ஊர்களுக்காக. உப்புக் கரைசலோடு உறையும்போது மேற்பரப்பு பன்மடங்கு வேகமாக உரியும். மூணாறு–தேவிகுளம் சாலையில் யாரும் உப்புத் தூவுவதில்லை. அதேபோல, ஏஎஸ்டிஎம் சி 666 என்ற அமெரிக்கத் தரச் சோதனையில் கான்கிரீட்டை நனைந்த நிலையில் 4 பாகைக்கும் கழித்தல் 18 பாகைக்கும் இடையே 300 முறை உறைய வைத்து உருக்குவார்கள். அதில் தேறவில்லை என்ற காரணத்துக்காக ஒரு கலவையை இங்கே தள்ளுவதும், தேறியது என்று கூடுதல் விலை கொடுப்பதும் நம் தேவைக்குப் பொருந்தாதவை.

நடைமுறையில் நம் கான்கிரீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் மிக்ஸரடியில் நிற்கும் வாளிதான். 0.45 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர் தண்ணீர். ஆனால் மணலில் இருக்கும் ஈரமும் அந்த 22.5-க்குள் அடக்கம். மூடுபனியில் தார்ப்பாய் இல்லாமல் கிடக்கும் எம்-சாண்ட் குவியலில் 5 சதவீதம் ஈரம் இருப்பது சாதாரணம். கன மீட்டருக்கு 7 மூட்டை போடும் கலவையில் ஒரு மூட்டைக்கு 100 கிலோவுக்கு மேல் மணல் சேரும் என்பதால், யாரும் ஊற்றாமலே மூட்டைக்கு 5 லிட்டர் தண்ணீர் உள்ளே போய்விடுகிறது. அதைக் கழித்து 17 லிட்டர் அளவில் ஊற்ற வேண்டிய இடத்தில் 22 லிட்டரும் ஊற்றி, "கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்று இன்னும் அரை வாளி சேர்த்தால், விகிதம் 0.60-ஐத் தாண்டிவிடும். அந்தக் கான்கிரீட்டின் நுண்துளைகள் ஒன்றோடொன்று தொடர்ந்து கிடக்கும். மழையையும் உறிஞ்சும், பனிக்கும் இடம் கொடுக்கும், கம்பியையும் துருப்பிடிக்க விடும். மேற்பரப்பில் தண்ணீர் மிதக்கும்போதே சிமெண்டைத் தூவிக் கரணை போட்டு மெழுகினால், தோல் இன்னும் பலவீனமாகும். பனி உரிப்பதாகச் சொல்லப்படும் தோல் பல இடங்களில் இப்படி மெழுகிய தோலே.

காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மார்ச் 31-க்குள் திட்டப் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்பதால், பஞ்சாயத்துக் கான்கிரீட் வேலைகளில் பெரும்பகுதி டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில்தான் நடக்கிறது. அதாவது, பழைய கான்கிரீட்டுக்குப் பெரிய ஆபத்தில்லாத அந்த இரவுகளில்தான் புதுக் கான்கிரீட் பச்சையாக, முழு ஈரத்தோடு வெட்டவெளியில் கிடக்கிறது. ஒரு முறை உறைவதைத் தாங்கவே கான்கிரீட் சுமார் 3.5 மெகாபாஸ்கல் வலுவை எட்டியிருக்க வேண்டும்; நனைந்த நிலையில் திரும்பத் திரும்ப உறைவதைத் தாங்க 24 மெகாபாஸ்கல் அளவு வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. கான்கிரீட்டை 10 பாகையில் காப்பாற்றினால் முதல் அளவை இரண்டாம் நாளில் எட்டிவிடும். பிபிசி சிமெண்ட் குளிரில் மெதுவாக இறுகும் என்பதால் அதற்கு இன்னும் அவகாசம் தர வேண்டும். 5 பாகைக்குக் கீழே நடக்கும் எந்தக் கான்கிரீட் வேலையையும் ஐஎஸ் 7861-இன் இரண்டாம் பகுதி குளிர்கால வேலையாகவே கருதுகிறது. நம் ஓவர்சியர்களில் பலர் அந்தப் பகுதியைத் திறந்து பார்த்ததில்லை.

செய்ய வேண்டியது செலவு பிடிக்கும் காரியமும் அல்ல. காலை வெயில் ஏறியபின் தொடங்கிப் பிற்பகலுக்குள் கொட்டி முடிப்பது. முதல் மூன்று இரவுகளும் உலர்ந்த வைக்கோலோ சாக்கோ பரப்பி அதன் மேல் தார்ப்பாய் போட்டு ஓரத்தை இறுக்குவது. அந்த இரவுகளுக்கு முன் மாலையில் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் பீய்ச்சாமல், பிளாஸ்டிக் தாளால் மூடி ஈரத்தை உள்ளேயே நிறுத்துவது. சென்ட்ரிங்கை சமவெளிக் கணக்கில் பிரிக்காமல் கூடுதல் நாள் விடுவது. சீக்கிரம் இறுகட்டும் என்று கால்சியம் குளோரைடு கலந்த மருந்தைக் கம்பிக் கான்கிரீட்டில் ஊற்றுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் அனுமதிக்கக் கூடாது. அது கம்பியைத் தின்றுவிடும்.

சேதம் எதனால் வந்தது என்று அறிவதும் கடினமல்ல. விரிசல் கம்பியின் போக்கிலேயே நேர்கோடாக ஓடி, துருக்கறை வடிந்திருந்தால் அது கவர் போதாத குறை. பனியின் சேதம் மேற்பரப்பிலிருந்து தாள் தாளாகவோ, ஈரம் தங்கும் ஓரத்தில் நெருக்கமான நுண்விரிசல்களாகவோ தெரியும். தொட்டி மூடிகளில் நான் கண்டவற்றில் மிகுதியும் முதல் வகை. 75 மில்லிமீட்டர் கனமுள்ள மூடியில் 45 மில்லிமீட்டர் கவர் வைத்தால் கம்பி இழுவிசை வரும் அடிப்பக்கத்தை விட்டு நடுவுக்கு மேலே ஏறிவிடும் என்பதால், கவரையே 15 ஆகக் குறைத்துவிடுகிறார்கள். மூடியின் கனத்தைக் கூட்ட வேண்டும், அல்லது அந்த இடத்தில் கான்கிரீட்டை விட்டு வேறு பொருளுக்குப் போக வேண்டும். ஜல்லியைப் பொறுத்தவரை நமக்குக் கவலை குறைவு. இந்த மலையின் கருங்கல் தண்ணீரை மிகச் சிறிதளவே உறிஞ்சும். மக்கிப்போன செம்மை படர்ந்த கல்லைக் குவாரியிலேயே ஒதுக்கினால் போதும்.

பொதுப்பணித் துறையும், மூணாறு, தேவிகுளம், வட்டவடை, காந்தளூர்ப் பகுதி உள்ளாட்சிகளும் வரும் நிதியாண்டின் எஸ்டிமேட்டிலேயே இவற்றைச் சேர்க்கலாம். ஒவ்வொரு கட்டுமானப் பகுதிக்கும் எதிரே அது மிதமான வகையா, கடுமையான வகையா, ஜனவரியில் ஈரமாக இருக்குமா என்று தனித்தனியே எழுத வேண்டும். காற்று கேட்கும் பகுதிகளுக்குக் காற்றுமானி வாடகையையும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான வேலைக்குத் தார்ப்பாய், சாக்குச் செலவையும் தனி இனமாகக் காட்ட வேண்டும். மேலும், மிக்ஸரை ஓட்டுபவர் தேனிப் பக்கத்துத் தமிழராகவோ வடநாட்டுத் தொழிலாளியாகவோ இருக்க, மூட்டைக்கு எத்தனை லிட்டர் என்ற அளவு ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ கோப்புக்குள் இருந்து பயனில்லை. அன்றைய மணலின் ஈரத்தைக் கழித்து வரும் லிட்டர் கணக்கைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி, காலையில் மிக்ஸர் ஓடத் தொடங்குவதற்கு முன் அதன் மேலேயே ஓவர்சியர் கையெழுத்தோடு ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமான மேற்பார்வையாளர்,
தேவிகுளம்.